ஒரு பை லைம்

தர்மினிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் ஆய்வக வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் எல்லை தாண்டி வந்து, காஹாங் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஊர்மக்களுக்குச் செய்து பார்க்கும் அறிவியல் நிகழ்ச்சி. போன மாதம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். இன்றும் ஈ ஓட்ட வேண்டியிருந்தால் காஹாங்கை விட்டுவிடலாம் என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் டொரத்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் இன்று நாற்பது பேர். எல்லாம் வீரமுத்துவின் புண்ணியம். பாமாயில் ஆலையில் வேலை பார்ப்பவர், மண்டபத்துச் சாவியும் அவரிடம்தான். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்திருந்தார்.

சங்குப்பூவைக் கொதிக்க வைத்த நீலத் தண்ணீர் கோப்பைகளில் தயாராக இருந்தது. எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறும். தர்மினி மைக்கைப் பிடித்தபடியே, “லைம் எங்கங்க?” என்றாள்.

வீரமுத்து ஒரு கனத்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உள்ளே வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு.

“என்ன இது? லைம்னா லீமாவ், எலுமிச்சை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாட்சப்புல எழுதினேனே, படிக்கலியா?”

மைக் அத்தனையையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிலர் சிரித்தார்கள்.

“எஸ்டேட்ல மரத்துக்கு அடிக்கிறதத்தான் நாங்க லைம்னு சொல்வோம்,” என்றார் வீரமுத்து. அவர் கையில் மைக் இல்லை. அவர் சொன்னது முன்வரிசையைத் தாண்டவில்லை. அவர் மெல்ல வெளியே போனார்.

தர்மினி அதைக் கவனிக்கவே இல்லை. நாற்பது பேரையும் கலைந்து போகாமல் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் அவளுடைய கவலை. பதற்றத்திலும் மூளை வேலை செய்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் மூச்சை ஊதினால் பாலாக மாறுமே! கையுறை போட்டு, பெரிய போத்தலில் இரண்டு கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி வைத்தாள். இனி அது அடியில் படிய வேண்டும். அவளால் அதுவரை சும்மா நிற்க முடிந்தால்தானே? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். தூக்கத் தூக்க மறுபடி கலங்கியது.

“தூக்கித் தூக்கிப் பாத்தா எப்பத் தெளியும்?” என்று முன்வரிசையிலிருந்த பெண் கேட்டாள். வீரமுத்துவின் மனைவி தேன்மொழி.

பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ மழை வரும் என்றார்கள். தர்மினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

ஒருவழியாகத் தெளிந்தது. ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, தெளிந்த நீரை வேறு கோப்பைகளில் ஊற்றினாள். “ஊதணும். உறிஞ்சவே கூடாது.” வரிசை வரிசையாக உறிஞ்சுகுழாயில் ஊதினார்கள். தண்ணீர் வெளுத்தது.

“அலமாக், நம்ம மூச்சுலயா இது?” என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். மூச்சில் என்ன இருக்கிறது, அது சுண்ணாம்பை என்ன செய்கிறது என்று கேள்விமேல் கேள்வி. எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். டொரத்தி பக்கத்தில் வந்து, “அடுத்த மாசமும் உண்டு,” என்றார். தர்மினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தேன்மொழியின் கோப்பை மட்டும் தெளிவாகவே இருந்தது.

“ஊதிப் பாக்கலியாக்கா?”

“அவரு சாவிய எங்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போய்ட்டாரு. நாலு நாளா வேலை முடிஞ்சு வந்து ஒவ்வொரு வீடா ஏறி இறங்குனாரு. நீங்க லைம்னுதான எழுதுனீங்க?”

தர்மினிக்கு முகம் சுட்டது. தமிழில் எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

“ஆமாக்கா. தப்பு என்னோடதுதான். இப்பவே வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்லிடறேன்.”

“அவருக்குத் தெரியும்,” என்றாள் தேன்மொழி. “இவங்களுக்குத்தான் தெரியாது.”

தர்மினி மைக்கை எடுத்தாள். ஊதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “வீரமுத்து அண்ணன் மேல தப்பே இல்ல, வெறும் லைம்னு எழுதினது நான்தான்,” என்றாள்.