இருபத்துமூன்று நாள் இருமல்

என் மருமகள் மீரிம் என்னை ஓடச் சொன்ன மறுநாள்தான் நான் உண்மையில் சிகரெட்டை விட்டேன். வீடும் ஊரும் நான் ஜனவரியிலேயே விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தன. அப்படி நினைக்க வைத்தவன் நான்தான். எங்கள் மலையூர் கொச்கோரில் வேன் ஓட்டும் கசிபெக் என்றால் ஐந்து மாதமாக இந்த ஒரு காரியத்துக்கே பேர். "கசிபெக்கைப் பாரு, முப்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாள்ல உதறிட்டான்" என்று மற்ற டிரைவர்களின் பெண்டாட்டிகள் புருஷன்மாரைக் குத்திக்காட்டுவார்களாம். அதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியிருக்க வேண்டும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் எங்கள் ஊர் மருந்தகத்து ராயா என்னிடம் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னாள். ராயா டாக்டருக்குப் படித்தவள் இல்லை, டாக்டரைவிட அதிகம் பேசுவாள். ஊதி முடித்ததும் அளவு பதிந்து வந்த காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஊதினது நீங்களா, உங்க தாத்தாவா? உங்களுக்கு வயசு அம்பத்திநாலு. உங்க நுரையீரலுக்கு எழுபத்தஞ்சு."

"திருப்பி இளசாகுமா?"

"விட்டா ஆகும். உள்ள பொடிப்பொடியா மயிர் மாதிரி இருக்குண்ணே, துடைப்பம்னு வச்சுக்கோங்க. புகை பட்டுப் பட்டு அது படுத்துடுச்சு. நீங்க நிறுத்துனீங்கன்னா எழுந்து பெருக்க ஆரம்பிக்கும். ஆனா ஒண்ணு..."

அந்த ஒன்று என்னவென்று நான் கேட்கவில்லை. வெளியே வேனில் ஆள் நிறைந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டியைக் கையில் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். "இனிமே தொடமாட்டேன். தொட்டா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்." என் மனைவி சூரகான் தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டு மீறியவனை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். மீரிம் மடியில் பேரன் பெக்தூர் இருந்தான், ஏழு மாதக் குழந்தை. என் மகன் இலியாஸ் கசான் நகரத்தில் கட்டட வேலையில் இருக்கிறான். அவனுக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னார்கள்.

பத்து நாள் ஒழுங்காக இருந்தேன். எட்டாம் நாளே இருமல் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அப்படி இருமியதில்லை. வண்டி ஓட்டும்போது கண்ணில் நீர் முட்டி ரோடு தெரியாமல் போனது. சிகரெட்டை விட்டதால்தான் உடம்பு கெடுகிறது, இப்படியே போனால் செத்துப்போவேன் என்று எனக்குப் பட்டது. பதினோராம் நாள் கணவாயில் வண்டி நிறுத்தி ஒன்று பற்றவைத்தேன். இருமல் நின்றது. மருந்து சாப்பிட்ட மாதிரி நின்றது. நானும் மருந்து என்றே வைத்துக்கொண்டேன்.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? விட்ட பிறகு இருமியவன், இப்போது இருமவில்லை. "பாத்தியா, நெஞ்சு சுத்தமாயிடுச்சு" என்றாள் சூரகான். நான் வாயில் காய்ந்த தயிருருண்டையை அடக்கிக்கொண்டு, வெங்காயம் மென்று, ஜன்னலைத் திறந்து வண்டி ஓட்டி, திருட்டுத்தனத்தில் பெரிய ஆளாகிவிட்டேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வாயைக் கழுவினேன், கோட்டைக் கழுவவில்லை. வேலை முடிந்து வந்ததும் அந்தக் கோட்டோடுதான் பேரனைத் தூக்குவேன். அவன் என் காலருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போவான்.

பிப்ரவரியில் பெக்தூருக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. என் வேனிலேயே நரின் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். முதல் நாளே டாக்டர் கேட்டார்:

"வீட்ல யாராவது புகை பிடிக்கிறாங்களா?"

மீரிம் சட்டென்று நிமிர்ந்தாள். மாமனார் எதிரில் குரல் எழுப்பாத பெண் அவள். "இல்லீங்க. எங்க அத்தா விட்டுட்டாங்க. ரொட்டி மேல சத்தியம் பண்ணி விட்டுட்டாங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்துப் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். கோட்டுப் பையில் பாதிப் பாக்கெட் இருந்தது.

"அப்போ குளிரா இருக்கலாம். குழந்தையை வெளியே எடுத்துட்டுப் போனீங்களா?"

மீரிம் யோசித்தாள். நான்கு நாளைக்கு முன் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு முற்றத்தில் துணி காயப்போட்டிருந்தாள். பத்து நிமிஷம் இருக்கும். அதைச் சொன்னாள். சூரகானுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தத் துணி காய்ந்தபாடில்லை. குழந்தை தும்மினால், "ஆமா, உறைபனியில கொண்டுபோய் நிக்கவச்சா தும்மாம என்ன செய்யும்" என்பாள் சூரகான். விருந்தாளி வந்தால் அவர்களிடமும் சொல்வாள். மீரிம் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். வாசலைத் தாண்டிக் குழந்தையைக் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டாள். கிடைத்த நேரமெல்லாம் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். ஏப்ரல் வெயிலிலும் அவனுக்கு இரண்டு சட்டை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தலை நிமிர்ந்துவிடும். நான் மூச்சு விடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் பெக்தூர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். கால்கயிறு அறுக்க நாள் குறித்தோம். குழந்தையின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள், பெரியவர்கள் ஓடிவருவார்கள், முதலில் வருகிறவர் கத்தியால் கயிற்றை அறுத்து நடத்திவிட வேண்டும். அறுத்தவர் குணம் குழந்தைக்கு வரும். அதனால் வீட்டுக்காரர்கள் யாரை மனசில் நினைத்திருக்கிறார்களோ அவரை முந்தாமல் மற்றவர்கள் பார்த்து ஓடுவதும் உண்டு. அந்தக் கறுப்பு வெள்ளைக் கயிறும் சும்மா கயிறு இல்லை. "அந்தக் கயிற்றைத் தாண்டாதவன்" என்றால் நேர்மைக்காரன் என்று பொருள்.

மீரிம் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தா, நீங்க ஓடணும்."

"நானா? மம்பெத் ஓடட்டும். கறிக்கடைக்காரன், திடமா இருக்கான்."

"திடம் வேணாம் அத்தா. சொன்னா சொன்னபடி இருக்கிற ஆள் வேணும். இவன் உங்களை மாதிரி வரணும்."

மறுநாள் காலையில் வேனில் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டேன். இந்தத் தடவை சத்தியம் எதுவும் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது?

இருமல் திரும்ப வந்தது. சளி சாம்பல் நிறத்தில் வந்தது, சில நாள் கறுப்பாக. இந்த முறை செத்தால் சாகிறேன் என்று இருந்தேன். பத்து நாளுக்குப் பிறகு வைக்கோல் பரணுக்கு ஏணியில் ஏறி, நடுவில் நிற்காமல் மேலே போய்விட்டேன். அப்புறம்தான் நடுவில் நிற்கவில்லை என்பதே உறைத்தது. ரொட்டியில் உப்பு தெரிந்தது. மூக்கு திறந்துகொண்டது. ஒரு காலையில் வேன் கதவைத் திறந்தபோது உள்ளே ஏதோ செத்துக் கிடப்பது போல நாற்றம். தேடினேன். கொக்கியில் தொங்கிய என் கோட்டு. குளிர்காலம் முழுக்கப் பெக்தூர் அதில்தான் மூக்கை வைத்துத் தூங்கியிருக்கிறான். வேன் படியில் உட்கார்ந்து அழுதேன், பயணிகள் வந்து சேரும்வரை.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கயிறு அறுக்கும் நாள் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் கூட்டம். ஓடுகிறவர்கள் மூன்று பேர்: நான், கறிக்கடை மம்பெத், தபால் கொடுக்கும் குல்பரா. குல்பராவுக்கு என் வயது. சைக்கிள் மிதித்து மிதித்துக் கால் இரும்பு.

"கசிபெக் அண்ணே, நான் விட்டுக்கொடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் மானம் போச்சுன்னு வரக்கூடாது" என்றாள்.

"உன் பை இல்லாம உனக்கு ஓடத் தெரியுமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓடினோம். பொய் இல்லை, நன்றாகவே ஓடினேன். இருபது வருஷமாகப் போகாத இடத்துக்கெல்லாம் காற்று போனது. மம்பெத்தைத் தாண்டினேன், குல்பராவையும் தாண்டினேன். பெக்தூர் கால் கட்டிய கோலத்தில், மீரிம் அக்குளில் பிடித்திருக்க, என்னைப் பார்த்துக் கத்தினான். பத்தடி இருக்கும்போது இருமல் பிடித்தது. குனிந்துவிட்டேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு இருமினேன், இருமினேன். பின்னால் வந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். நான் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தேன்.

சூரகான் முகம் மாறியது. "மூணு வாரமா பாக்குறேன். திருட்டுத்தனமா திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா? ரொட்டி மேல சத்தியம் பண்ணின வாயா இது?"

"இல்ல" என்றேன். அது உண்மைதான்.

அப்போதுதான் ராயா எனக்கு உதவி செய்ய முன்னால் வந்தாள். "சும்மா இருங்கக்கா. சிகரெட் குடிக்கிறவன் இப்படி இருமமாட்டான், குடிச்சாத்தான் இருமல் அடங்கும். இது நிறுத்தின இருமல். அந்தத் துடைப்பம் எழுந்து பெருக்குது. புதுசா விட்டவங்களுக்கு முதல் மாசம் இப்படித்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். ஜனவரி, பிப்ரவரி என்று அவள் மனசுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு புல்லைப் பார்த்தாள்.

"புல்லுத் தூசியாவும் இருக்கலாம்" என்றாள் மெதுவாக.

"தூசிதான்" என்றாள் மீரிம். கத்தியை எடுத்துக் கைப்பிடிப் பக்கமாக என்னிடம் நீட்டினாள். "அத்தா சத்தியம் பண்ணினது பண்ணினதுதான். நீங்க அறுங்க அத்தா."

மண்டியிட்டேன். கயிறு என் விரலில் பட்டது. கறுப்பு ஒரு இழை, வெள்ளை ஒரு இழை. பெக்தூர் என் தொப்பியைப் பிடித்து இழுத்தான். அறுத்துவிட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். ராயா சொல்லமாட்டாள். கத்தியைக் கயிற்றின் அடியில் கொடுத்தேன், எடுத்துவிட்டேன்.

"நான் விட்டு இருபத்துமூணு நாள்தான் ஆச்சு. ஜனவரியில விடல. பத்து நாள் இருந்தேன், திரும்ப ஆரம்பிச்சுட்டேன். மே மாசம் வரைக்கும் குடிச்சேன்."

மம்பெத் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டான். மீரிம் என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள்.

"குல்பராக்கா, நீங்க வாங்க."

குல்பரா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல் அறுத்தாள். பெக்தூர் நாலு அடி வைத்து விழுந்தான். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் எங்கே நிற்பது?

எல்லோரும் விரிப்பைச் சுற்றி உட்காரப் போனார்கள். நான் வேலி ஓரம் நின்று இருமிக்கொண்டிருந்தேன். மீரிம் வந்தாள். என் முன்னால் அவள் முகம் நிமிர்த்தி நின்றது அதுதான் முதல் தடவை.

"பிப்ரவரியிலயும் குடிச்சீங்களா?"

"ஆமா."

"அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டே இவனைத் தூக்குனீங்க."

"ஆமாம்மா."

"அப்போ, துணி காயப்போட்டதால இல்லையா?"

அதை அவள் யாரிடமும் அதுவரை கேட்டதில்லை. கேட்க இடமே விடாமல் பார்த்துக்கொண்டோம். எதனால் வந்தது என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, குளிராகவும் இருந்திருக்கலாம். அந்த ஓட்டையில் புகுந்து தப்பிக்க ஒரு நொடி மனசு ஓடியது.

"உன்னால இல்லம்மா" என்றேன். "என்னாலதான்."

"நாலு மாசமா அம்மா என்னைச் சொன்னதையெல்லாம் நீங்க அங்கேயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. போய்த் தேநீர்ப் பானை அருகில் உட்கார்ந்தாள்.

நானும் போய் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கிண்ணங்கள் கைமாறி வந்தன. எங்கள் வழக்கத்தில் தேநீரைப் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம்; மறுபடி கேளுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்பது அதன் மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மம்பெத்துக்குப் பாதி. ராயாவுக்குப் பாதி. மீரிம் என் கிண்ணத்தை எடுத்தாள், ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். விளிம்பில் நடுங்கி நிற்கிற அளவுக்கு ஊற்றி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

கூட்டமே பார்த்தது. மாமனாருக்கு, அவர் வீட்டிலேயே. சூரகானும் பார்த்தாள். மருமகள் சமையலில் உப்பு ஒரு சிட்டிகை கூடிப்போனாலும் நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுகிறவள், அந்தக் கிண்ணத்தையும் மீரிம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

பிறகு தன்னுடைய கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து மருமகளிடம் நீட்டினாள். "எனக்கும் அப்படியே ஊத்தும்மா" என்றாள்.