எண்ணெய்க் கை

கமலவேணிக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது கடல்மீன் தொட்டிக்கு மாற்றல் வந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த தொட்டிதான். பவளங்களுக்கு மொத்தம் எத்தனை வாய் என்று எண்ணும் வேலை. எங்கேயோ வடக்கே தூக்கிப் போடாமல் இங்கேயே போட்டார்களே என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

கூடவே போகலாமா என்று அவள் கணவர் பொன்னுரங்கம் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். முந்நூறு லிட்டர் தொட்டியில் குடும்பத்துக்கு இடம் கிடையாது என்றார்கள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கம் இல்லாதவர்.

சேர வேண்டிய அன்று காலையில் கமலவேணி முக்காலியில் ஏறி, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இறங்க இறங்கத் தொட்டிக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிட்டாள். அடியில் போய் நின்றபோது கட்டைவிரல் உயரம் இருந்தாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு முதல் பவளத்தருகே போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கலாம். பேசுவது கேட்காது. அதற்கு ஸ்கிம்மர் இருந்தது. தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இருந்த சிறிய தொட்டியில் அது நின்றது. தண்ணீரையும் காற்றையும் சேர்த்து அடித்து நுரையாக்கும். தண்ணீரில் இருக்கும் அழுக்கும் கமலவேணியின் பேச்சும் அந்த நுரையில் ஒட்டிக்கொண்டு கழுத்து வழியாக ஏறி, மேலே இருக்கும் கிண்ணத்தில் விழும். காலையில் பொன்னுரங்கம் கிண்ணத்தைக் கழற்றி மூடியைத் திறப்பார். முந்தைய நாள் பேசியது முழுக்கக் கேட்கும். குரல் சற்று உப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

"கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சீங்களா?" என்று கேட்பாள். "பாதி எண்ணினேன், ஒரு நண்டு நடுவுல வந்து குறுக்க நின்னு குழப்பிடுச்சு. திரும்ப ஒண்ணுலருந்து" என்பாள். கேட்டு முடித்ததும் அவர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மாட்டுவார்.

ஒரு நாள் கிண்ணம் காலியாக இருந்தது. மறுநாளும் அப்படியே. நுரை கழுத்தில் பாதி ஏறும், பிறகு பொசுக்கென்று இறங்கிவிடும். கண்ணாடிக்குள் கமலவேணியின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.

பொன்னுரங்கம் காற்றுக் குழாயின் நுனியில் படிந்திருந்த உப்பை வெந்நீரில் கரைத்தார். மோட்டாரைப் பிரித்து வினிகரில் ஊறவைத்தார். கீழ்த் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை இரண்டு விரல் குறைத்தார். நுரை ஏறவில்லை. கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார்.

ஜெசிந்தா வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். கமலவேணியும் கும்பிட்டாள்.

"அக்கா நல்லா இளைச்சுட்டாங்க."

"தண்ணி ஒத்துக்கிச்சு" என்றார் பொன்னுரங்கம்.

"எத்தனை நாளா பேச்சு வரல?"

"பன்னிரண்டு நாளா."

"எங்க வீட்டுக்காரரையும் ரெண்டு வருஷம் போட்டிருந்தாங்க சார். நன்னீர்த் தொட்டி. நன்னீர்ல நுரை நிக்காது, ஸ்கிம்மரே வேலை செய்யாது. ரெண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது." ஸ்கிம்மரின் கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "என் வாழ்க்கையிலயே நிம்மதியா இருந்தது அப்பதான்."

மோட்டார் சரி, காற்று சரி, மட்டம் சரி என்றாள். பிறகு தொட்டியின் மேல்தண்ணீரில் ஒரு காகிதத் துண்டை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காகிதம் ஓரிடத்தில் கண்ணாடி மாதிரி தெரிந்தது.

"எண்ணெய். தொட்டிக்குள்ள யார் கை விடறது?"

பொன்னுரங்கம் காலண்டரைப் பார்த்தார்.

"தலைக்குத் தேச்ச கையா சார்?"

"செக்கு எண்ணெய்தான்" என்றார்.

விஷயம் இதுதான். பதின்மூன்று நாளைக்கு முன்பு அவர்களுக்குக் கல்யாண நாள். குளித்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவிய கையோடு, வாசல் கதவைச் சாத்திவிட்டு அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டார். கமலவேணி வேலையை நிறுத்திவிட்டு வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் தினமும் இரண்டு மூன்று நிமிஷம். இதை ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் சொல்லிவிட்டாள்.

"எண்ணெய் பட்டா நுரை செத்துடும் சார். ஒண்ணு கை, இல்ல பேச்சு. ரெண்டும் கிடைக்காது."

"சோப்பு போட்டுக் கழுவிட்டு விட்டா?"

"சோப்பு விட்டா நுரை வீடெல்லாம் வழியும். அக்கா பேசாததெல்லாம் பேசும். நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

"ரப்பர் கையுறை?"

"அதுல போய் யார் சார் உக்காருவாங்க?"

ஒரு பை கரியைக் கீழ்த் தொட்டியில் போட்டாள். எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும், ஒரு வாரம் கையை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள்.

அந்த ஒரு வாரமும் காலையில் கமலவேணி, கை இறங்கும் இடத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். பொன்னுரங்கம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். ஸ்கிம்மரைக் காட்டிச் சாடை செய்தார். அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எண்ணப் போய்விடுவாள்.

எட்டாம் நாள் நுரை கெட்டியாகக் கழுத்தில் ஏறிக் கிண்ணத்தில் விழுந்திருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்து மூடியைத் திறந்தார்.

"என்னங்க, கை எங்க?" என்றது நுரை. "ஒரு வாரமாத் தலை பரட்டையாக் கிடக்கு. இந்த உப்புத் தண்ணில முடி என்னத்துக்கு ஆகும்? உங்க விரல் இடுக்குல இருக்கற எண்ணெயைத்தான் வழிச்சுத் தலைக்கு வச்சுக்கிட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?" கொஞ்சம் நுரை அடங்கியது. "பேச வேண்டியதை முப்பத்திரண்டு வருஷமாப் பேசியாச்சு. கையை விடுங்க. நகத்தை வெட்டிட்டு விடுங்க, போன தடவை கீறிடுச்சு."

பொன்னுரங்கம் இன்னொரு முறை கேட்கலாம் என்று பார்த்தார். நுரை தண்ணீராகிவிட்டிருந்தது. கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மாட்டினார்.

நகம் வெட்டினார். எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தலைக்குத் தேய்த்தார், கையைத் துடைக்கவில்லை. வாசல் கதவைச் சாத்தாமலே, முக்காலியில் ஏறி, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டார். கமலவேணி வந்து உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். இடுக்கு இடுக்காக எண்ணெயை வழித்து, வகிடு எடுத்து, நிதானமாகத் தேய்த்துப் பின்னிக்கொண்டாள். பிறகு அவருடைய சுண்டுவிரலில் சாய்ந்துகொண்டாள். கீழே அலமாரிக்குள் நுரை பொசுக்கென்று இறங்குவது கேட்டது. மேஜையில் காப்பி ஆறி ஆடை கட்டியது. இத்தனை நேரம் அவர் கையை உள்ளே வைத்ததே இல்லை.

வெளியே எடுத்தபோது கை தொட்டிக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிட்டிருந்தது. மோதிரம் மணலில் கிடந்தது. கமலவேணி அதை உருட்டிக்கொண்டு போய் ஒரு பாறையில் சாய்த்து வைத்தாள்.

பொன்னுரங்கம் தொங்கிய சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். எண்ணெய்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இடது கைக்குத் தடவ ஆரம்பித்தார். அத்தனை சிறிய கையால் தடவுவதற்கு வெகு நேரம் பிடித்தது. அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.