இரண்டாவது ராஜமேரி

நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த என் பெயர் ஒரு கல்லறைச் சிலுவையில் இருந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் அன்று கல்லறைத் திருநாள். எல்லாரும் அவரவர் வீட்டில் செத்தவர்களுக்குச் செவந்தி மாலை போட்டு மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன மேடு மட்டும் பூ இல்லாமல் கிடந்தது. அதன் சிலுவையில் ‘ராஜமேரி, 1951 – 1953’ என்று கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அதுல யாரும் இல்ல,” என்றாள் அம்மா. “நீதான் வந்துட்டியே. வா, வூட்டுக்குப் போலாம்.”

இதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அந்த வயதில் அம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனது. மறு வருஷம் நான் பிறந்தேன். அதன் பெயரையே எனக்கு வைத்தார்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கம் சகஜம். யாரும் இதை ஒரு பேச்சாக எடுக்க மாட்டார்கள். அம்மா இன்னும் ஒரு படி மேலே போயிருந்தாள் என்பது எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பந்து இல்லாவிட்டால் எதுவும் வெளியே வந்திருக்காது.

தர்மபுரியில் விடுதியில் தங்கிப் படித்தபோது வாலிபால் ஆட ஆரம்பித்தேன். நான் குள்ளம். நெட்டுக்கு முன்னால் எம்பி அடிக்கிற உயரம் எனக்குக் கிடையாது. ஆனால் பின்வரிசையில் நிற்கவிட்டால் என் பக்கம் ஒரு பந்து தரையைத் தொடாது. எங்கள் விளையாட்டு டீச்சர் சென்னம்மாள் யாரையும் லேசில் புகழ மாட்டார். அவரே, “என்ன புள்ள, முதுகுலயும் கண்ணு வெச்சிருக்கியா?” என்று கேட்டார்.

கண் எல்லாம் ஒன்றுமில்லை. பந்து எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கம் என் பாவாடையை ஒரு கை இழுக்கும். லேசாகத்தான். கடை வாசலில் மிட்டாய் கேட்டுக் குழந்தை இழுக்குமே, அந்த அளவு. நான் அந்தப் பக்கம் சாய்வேன், பந்து என் கைக்கு வந்து சேரும். எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கூட ஆடிய காசியம்மாளிடம் ஒருநாள், “ஒனக்கு எந்தப் பக்கம் ஜாஸ்தி இழுக்குது?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு விடுதியின் அடுத்த மூலைக்குப் போய்விட்டாள். அப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட ஆரம்பித்த புதிதில் அந்தக் கை என் இடுப்பருகே இழுத்தது. பதினெட்டு வயதில், பாவாடை போய் நிக்கர் வந்த பிறகு, தொடையருகே இழுத்தது. நான் வளர்ந்துகொண்டிருந்தேன். அது வளரவில்லை.

1972இல் சென்னையில் நடந்த முகாமில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கொழும்பில் பெண்களுக்கான பன்னாட்டு வாலிபால் போட்டி. ஆறு நாட்டு அணிகள். இந்தியாவிலிருந்து போகிற பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. கடிதம் வந்த நாளில் அப்பா அதை மடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பென்னாகரம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் காட்டினார். அப்பா சின்னப்பராஜ் வாயில்லாப் பூச்சி. அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள். எங்கள் ஊரில் சான்று என்றால் வேதக்கோயில் பதிவேடுதான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். அவர் ஊருக்குப் புதிது. கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் இன்னாசி அலமாரியிலிருந்து தடித்த ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். சாமியார் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ராஜமேரி. தகப்பன் சின்னப்பராஜ், தாய் ஆரோக்கியம்மாள். இது நீதானா?”

“ஆமாங்க சாமி.”

“ஓரத்துல, இறந்துட்டதா எழுதியிருக்கே.”

“அது எங்க அக்காங்க சாமி. அதே பேருதான். என்னை அம்பத்துநாலுல பாருங்க.”

அவர் ஐம்பத்து நான்கைப் புரட்டினார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வரைக்கும் புரட்டினார். இன்னாசியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். நான் எங்கும் இல்லை. நான் பிறந்தது கம்பைநல்லூர்ப் பக்கம் அம்மாவின் தாய்வீட்டில். ஒரு வருஷம் கழித்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா, அங்கேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று ஊரில் சொல்லியிருந்தாள்.

“அங்க எழுதிக் கேட்கலாமா அம்மா?” என்றார் சாமியார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். “அங்கயும் இருக்காதுங்க சாமி. இவளுக்கு மொதல்லயே தண்ணி ஊத்தியாச்சுங்களே. ஒருக்கா ஊத்துனா மறுக்கா ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்றீங்க.”

பதிவேடு திறந்தபடியே கிடந்தது. சாமியார் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல், “அது வேற புள்ள, இது வேற புள்ள அம்மா,” என்றார்.

“இல்லீங்க சாமி,” என்றாள் அம்மா, அதே மரியாதையோடு. “ஒண்ணுதானுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினெட்டு வருஷம் பூசைக்குப் போயிருக்கிறேன், ஜெபம் சொல்லியிருக்கிறேன், உபவாசம் இருந்திருக்கிறேன். அவ்வளவும் செத்துப்போன ஒருத்தியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. காகிதத்தில் எனக்கென்று ஒரு வரிகூட இல்லை. சாமியார் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் புதிதாகப் பதிந்துவிடலாம், திங்கட்கிழமையே சான்று தந்துவிடலாம். “வயசு வந்த பொண்ணு. நீதான் முடிவு சொல்லணும்,” என்றார்.

சரி என்று சொன்னேன். வேறு பெயரும் வேண்டும் என்றேன். புனித சவரியார் கடல் தாண்டிப் போனவர், சவரியம்மாள் என்று வைத்துக்கொள் என்றார் சாமியார். எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் மூன்று நாள் அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேழ்வரகு புடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். “நீ கப்பல் ஏறிப் போ. வேணாங்கல. அந்தத் தண்ணிய மட்டும் ஊத்திக்காத புள்ள.”

“ஊத்திக்காம எப்படிம்மா போறது?”

“நீ வேற ஆளு ஆயிட்டீன்னா, அவ செத்துப்போனவதான? இத்தன வருசமா சாகாம வெச்சிருந்தேனே.”

அப்போதாவது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. “அப்ப நான் யாரு?” என்று கேட்டேன். “இத்தன வருசமா சோறு போட்டது எனக்கா, அவளுக்கா?”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே பதில் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அடித்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

சனிக்கிழமை சாயந்திரம் கோயிலில் நான்கு பேர்தான் இருந்தோம். இன்னாசிதான் எனக்கு ஞானத்தகப்பன். அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா வரவில்லை. ஞானஸ்நானத் தொட்டிமேல் குனிந்தேன். சாமியார், “சவரியம்மாள்,” என்று சொல்லி முதல் தரம் தண்ணீர் ஊற்றியபோது தொடையருகே என் பாவாடையை ஒரு கை பிடித்தது. பந்து எதுவும் வரவில்லை, ஆனாலும் பிடித்தது. இரண்டாம் தரம் ஊற்றியபோது இறுக்கிப் பிடித்தது. துணி நெரிவது எனக்கே தெரிந்தது. மூன்றாம் தரம் ஊற்றியதும் விட்டுவிட்டது. ஈரத் தலையோடு திரும்பிப் பார்த்தேன். கோயில் கதவு வரைக்கும் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கிடந்தது. அந்தப் பக்கம் ஈரக் காலோடு போனவர்கள் யாரும் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாஸ்போர்ட் வந்தது. ராமேஸ்வரத்தில் கப்பலேறி, வாந்தி எடுத்து, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாம் சவரியம்மாள் என்று எழுதும்போது கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முதல் ஆட்டத்தில் எதிரணியின் முதல் சர்வீஸ் என்னைத் தேடித்தான் வந்தது. அவர்களில் ஒவ்வொருத்தியும் என்னைவிட ஒரு முழம் உயரம். நான் முழங்காலை மடக்கி, பழகிய பழக்கத்தில், இழுப்புக்காகக் காத்து நின்றேன். எந்தப் பக்கமும் ஒன்றும் இழுக்கவில்லை. பந்து என் இடது காலுக்குப் பக்கத்தில் விழுந்து கூட்டத்துக்குள் போயிற்று. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். கூட ஆடியவர்கள் என்னையே பார்த்தார்கள். கோச் என்னை வெளியே எடுத்து உட்காரவைத்தார். அவர் இந்தியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியாமல் இருந்ததே நல்லது.

மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நாளும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். சர்வீஸ் போடுகிறவளின் தோளைப் பார்த்தேன். தோள் திரும்பும் பக்கம் பந்து போகிறது என்பதைக் கண்டுபிடித்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். எனக்கு அதைப் பார்க்கவேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

கடைசி ஆட்டத்தில் ஒருத்திக்குக் கால் பிசகியதால் என்னை இறக்கினார்கள். எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் தோள் திரும்பியது. வலது பக்கம் பாய்ந்து விழுந்தேன். பந்து என் மணிக்கட்டில் பட்டு மேலே எழும்பி, கொடுக்கவேண்டிய ஆளிடம் சரியாகப் போயிற்று. முழங்கை தோல் உரிந்து எரிந்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் அந்தப் பந்து என்னுடையது. நான் பார்த்து, நான் எடுத்தது. தரையில் கிடந்தபடியே அழுதேன். வலியால் அழுகிறேன் என்று நினைத்து ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. மற்றவர்கள் ஊர் சுற்றப் போனபோது நான் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினேன். அவள் திட்டட்டும், அடிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் ஊருக்குத் திரும்பியபோது நல்ல வெயில். அப்பா வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“கண்ணு, உள்ள போனா சத்தமா பேசாத,” என்றார்.

“ஏம்ப்பா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லியா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ கப்பலேறுன நாள்லருந்து இப்புடித்தான். நான் உள்ள படுக்கறதில்ல.” மறுபடியும் மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனேன். வெளிச்சத்திலிருந்து வந்ததால் கண்ணுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று. உத்தரத்தில் தூளி கட்டியிருந்தது. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. பத்து வயது குறைந்தாற்போல இருந்தாள். அவ்வளவு நிம்மதியான அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அம்மா,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“வாங்க, ஒக்காருங்க,” என்றாள். “கொஞ்சம் மெல்லமா பேசுங்க. இப்பத்தான் தூங்குனா.”

பிறந்ததிலிருந்து என்னை ஏ புள்ள என்று கூப்பிட்ட வாய் அது. வாங்க என்றது. சேலைப் பொட்டலத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, “எதுக்குங்க இதெல்லாம்?” என்று கூச்சப்பட்டாள்.

“நான்தாம்மா. கொழும்புல இருந்து வந்திருக்கேன்.”

“அவ்வளவு தூரத்துல இருந்துங்களா? ஒங்க பேரு என்னங்க?”

எத்தனையோ பேரிடம் சொல்லிய பெயர். அந்த வீட்டுக்குள் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பழைய பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் பெயர் இல்லை.

“சவரியம்மாள்.”

“நல்ல பேருங்க,” என்றாள் அம்மா. “வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி கொண்டாரேன். அதுவரைக்கும் இத ஆட்டுறீங்களா? நிறுத்துனா முழிச்சிக்குவா.”

அவள் அடுப்படிக்குப் போனாள். நான் தூளியின் துணியைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே பார்க்கவில்லை. அம்மா வர நேரமாயிற்று. கை வலிக்கிற அளவுக்குத் தூளி கனமாக இருந்தது.