குறை நூலில்தான்

கம்பளி நூல் கடைக்காரர் முப்பது வருஷ வியாபாரத்தில் ஒரு தடவைகூடத் தன் சரக்கில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதில்லை. சாயம் போனால், "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை." இழை அறுந்தால், "உங்க நகம் நீளம்." பூச்சி அரித்தால், "பாத்தீங்களா, பூச்சிக்கே தெரியுது எது நல்ல நூல்னு." அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அக்கா. அவள் காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்திரி. அங்கே தட்டுப்பட்ட கட்டியில் ஊசி குத்தி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பி நாலு நாள் ஆகிறது. அது சாதுவா, பொல்லாததா என்று டாக்டர் இன்றைக்குச் சொல்வார்.

அக்கா என்னவோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி பின்னிக்கொண்டிருந்தாள். தம்பி வாரத்துக்கு ஒரு தடவை கடைச் சாவியைத் தொலைக்கிறவர். அதைப் போட்டுவைக்க ஒரு சுருக்குப்பை. எப்போதோ நூல் மூட்டையோடு சேர்ந்து, மலையில் ஆடு மேய்க்கிறவர்களின் பழைய காலுறை ஒன்று கடைக்கு வந்திருந்தது. அதில் இருந்த ஆட்டுக்கொம்புச் சுருளையும் எட்டிதழ்ப் பூவையும் பார்த்துப் பார்த்து இந்தப் பையில் பின்னிக்கொண்டிருந்தாள். சிவப்பு, மஞ்சள், கருநீலம். நாலு ஊசி சதுரமாக நிற்க, ஐந்தாவது ஊசி அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"பயமா இருக்காக்கா?"

"எனக்கா? போடா. கட்டி என் கழுத்துல, நடுக்கம் உன் கால்ல. முதல்ல காலை ஆட்டாம உட்காரு. பெஞ்சே ஆடுது."

காலை நிறுத்தினார். கண்ணை நிறுத்த முடியவில்லை. கடைக்குள் வருகிறவர்களின் விரலைப் பார்த்தே, வாங்குவார்களா, தடவிவிட்டுப் போவார்களா என்று கண்டுபிடிக்கிற கண் அது. அக்காவின் கை பஞ்சுக் கை. அவள் பின்னல் எப்போதும் மூச்சு விடும். இந்தப் பையின் அடிப்பக்கமோ பலகை மாதிரி இருந்தது. நூல் கண்ணிகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியைத் திருகித்தான் நுழைத்தாள். நூல் சுற்றிய விரலில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

வாய் என்ன விலை வேண்டுமானாலும் சொல்லும். விரல் அசலைச் சொல்லிவிடும்.

பேரம் பேசியே வளர்ந்த அவர் மனசு, வேறு ஆள் கிடைக்காமல் மேலே இருப்பவரிடமே ஆரம்பித்தது. அவளுக்கு வேண்டாம், எனக்குக் குடு. ஒண்ணு போதாதா? ரெண்டாக் குடு. மேலேயிருந்து பதில் பேச்சு ஏதும் வரவில்லை. எதிராளி மௌனமாக இருந்தால் பேரத்தில் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது.

நர்ஸ் கூப்பிட்டாள். உள்ளே டாக்டர் தாளைப் புரட்டினார். "வெறும் கொழுப்புக் கட்டிம்மா. சாது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். ஆறு மாசம் கழிச்சு வந்து ஒரு தடவை காட்டுங்க."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" என்றார் கடைக்காரர். "முடிவாச் சொல்லுங்க."

"முடிவாத்தான் சொல்றேன்."

"இல்ல, கடைசியா..."

டாக்டர் நிமிர்ந்தார். "ஐயா என்ன வியாபாரம் பண்றீங்க?"

"டேய், வாடா வெளிய," என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அறிக்கையில் முத்திரை வாங்க இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். மறுபடியும் அதே பெஞ்ச். ஊசி இப்போது தண்ணீரில் மீன் போல ஓடியது. அக்கா நிறுத்தாமல் பேசினாள்: எதிர்வீட்டுக்காரி, மருமகள், டாக்டரின் மீசை, எதுவும் மிஞ்சவில்லை. இவருக்கு ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை. அவள் குரல் காதில் விழுந்தால் போதும் என்று இருந்தது. பையின் வாய் ஓரத்தில் வரிசையாகத் துளை வைத்து முடித்தாள். மூன்று நிற நூலையும் சேர்த்து, ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் முறுக்கிக் கயிறு திரித்துத் துளைகளில் கோத்தாள்.

பையை மடியில் வைத்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அடி, மூடிய கைமுஷ்டி மாதிரி ஒடுங்கியிருந்தது. மேலே போகப் போக விரிந்து, பூவெல்லாம் இதழை அகட்டிக்கொண்டு, வாய் தொளதொளவென்று கிடந்தது. எந்த வரிசையில் டாக்டர் அறைக்கதவு திறந்தது என்று ஊசி பிடித்தவர்கள் யாரும் விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

அக்கா அடிப்பக்கத்தை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு, அவரைப் பார்க்காமல், "உன் நூல் சரியில்லடா," என்றாள். "அடியில போட்டதுல முறுக்கு ஜாஸ்தி. அதான் இப்படி இழுத்துக்கிச்சு."

முப்பது வருஷத்துப் பதில்கள் அவர் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. அடிக்கும் மேலுக்கும் போட்டது ஒரே நூல் உருண்டைகள்தான். அவரே எடுத்துக் கொடுத்தவை. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"ஆமாக்கா. சரக்குலதான் குறை."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்புறம் பிளாஸ்திரி இழுக்க இழுக்கச் சிரித்தாள். "ஐயோ, டேய்! உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. எந்திரி, டாக்டர் போறதுக்குள்ள உன்னைக் காட்டிடலாம்."

"வெளிய சொல்லிடாதக்கா. வியாபாரம் படுத்துரும்."

"மாத்திக் குடுப்பியா?"

"அதெல்லாம் முடியாது," என்றார், போன உயிர் திரும்பி வந்தவராக. கடைச் சாவிக்கொத்தை எடுத்துப் பைக்குள் போட்டார். அகன்ற வாயில் சுலபமாக இறங்கி, இறுகிய அடியில் போய் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. கயிற்றை இழுத்தார், தொளதொள வாய் குவிந்து மூடியது.

முத்திரை வாங்கப் போகும்போதும் பையைக் கையிலேயே வைத்திருந்தார்.