கோட்டுக்கு வெளியே

முடி திருத்தும் கடையில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி நிற்கிறவள் அவள். முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழே சதை முடிச்சுப் போட்டதுபோல் இறுகி, சீப்பைப் பிடிக்கவே முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தாள். பஸ் ஓட்டும் கணவன் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனான். டாக்டர் தோலைத் துடைத்துவிட்டு, வலிக்கிற சதையிலேயே ஊசி போட்டார். வெளியே வந்ததும் அவள் கையை மேலே தூக்கிக் காட்டினாள்.

"இதுக்கா இத்தனை நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்?"

வாரம் முடிவதற்குள் ஊசி போட்ட இடம் சிவந்தது. ஊசி என்றால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். பிறகு குளிர்காய்ச்சல், போர்வைக்கு மேல் போர்வை போட்டும் உடம்பு தூக்கிப் போட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், சதைக்குள் சீழ் கோத்திருக்கிறது, கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று சொல்லி அன்றே கீறி எடுத்தார்கள்.

ஊசி போட்ட டாக்டர் விஷயம் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். வார்டு வாசலைத் தாண்டத் தயங்கி நின்றார். அவரைப் பார்த்தால் சட்டையைப் பிடித்துவிடுவது என்றுதான் கணவன் இருந்தான்.

"சுத்தமாத்தாங்க பண்ணேன். புது ஊசி, புது மருந்து. எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். எங்கயோ ஒருத்தருக்கு இப்படி ஆயிடுது. ஏன்னு எனக்கே பிடிபடல."

"அந்த ஒருத்தி இவளாவா சார் இருக்கணும்?"

டாக்டருடைய காலர் வேர்வையில் நனைந்திருந்தது. இந்த மனுஷனிடம் கோபப்படுவதற்குக்கூட ஒன்றும் இல்லையே என்று கணவனுக்கு அழுகை முட்டியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றான்.

டாக்டர் போன பிறகு நர்ஸ் வந்து, முதுகில் சிவப்பு பரவியிருந்த ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். "இதைத் தாண்டுச்சுன்னா உடனே கூப்பிடுங்க அண்ணா."

அவனுக்கென்று கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"என்ன, முதுகையே பாத்துக்கிட்டிருக்கீங்க? கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பாக்கலையே."

அவன் சிரிக்கப் பார்த்தான். ராத்திரி ஆனபோது சிவப்பு ஒரு மூலையில் கோட்டின் மேலேயே ஏறியிருந்தது. தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தான். தாண்டிவிட்டது.

நர்ஸை அழைத்தான். பெரிய டாக்டர் வந்து மருந்தை மாற்றச் சொன்னார். நர்ஸ் பழைய கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டாள்.

"மறுபடியும் எதுக்குக் கோடு?" என்றாள் அவள்.

"பழசு அழிஞ்சு போச்சாம்."

அவள் ம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு, புதுக் கோட்டுக்கு அப்பால் இன்னும் சிவக்காத தோலில் அவன் உள்ளங்கையை மெல்ல வைத்தான். அங்கேயும் சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.