மூன்றாவது கியரில் நின்ற வண்டி

மெக்கானிக் ரெக்சன் வெள்ளைக் காரின் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொரு வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மீளவிட்டான் ரோட்டில் இருந்த அந்தப் பட்டறையில் உட்கார ஒரு பழைய டயர்தான் கிடந்தது. சந்தனச்செல்வி அதில் உட்காராமல் காரின் பக்கத்திலேயே நின்றாள். வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றுதான் ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் அவள் டிரைவர். கரையிறங்கும் மாலுமிகளை வாகைக்குளம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும் வேலை. நேற்று பாதி வழியில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி மூன்றாவது கியரிலேயே பிடித்துக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் இரைச்சல் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. பின்சீட்டில் இருந்தவர்களுக்கு விமானம் போய்விட்டது. மேனேஜர் நேசக்குமார் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஆட்டோமேட்டிக் வண்டிய பொம்பளைட்ட குடுத்தா இப்படித்தான். கியர்பாக்ஸ ஒடச்சிட்டு வந்து நிக்கா."

ரெக்சன் எழுந்து வந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். திரையில் பழுதைக் குறிக்கும் 'கோடு' எண் வந்ததும் உச்சுக் கொட்டினார்.

"கியர்பாக்ஸ் கோடுதான் காட்டுது. இறக்க வேண்டியதுதான், செல்வி. ஆபீஸ்லயும் அதத்தான் சொன்னாவ."

"ஒடஞ்சு போச்சுன்னா போட்டிருக்கு, அண்ணாச்சி?"

"அப்படிப் போடாது. உள்ள சுத்துத வேகம் தெரியலன்னு சொல்லுது. அத அளக்கதுக்கு ஒரு சென்சார் உண்டு."

"அப்போ சுத்தலன்னு சொல்லல. தெரியலன்னுதான சொல்லுது?"

ரெக்சன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"விளக்கு ரெண்டு மட்டம் எரிஞ்சுது. ரெண்டு மட்டமும் ரயில்வே கேட்டுல தண்டவாளம் ஏறி இறங்கும்போதுதான். மொத மட்டம் வண்டிய அணைச்சுப் போட்டதும் சரியாயிட்டு. ஒடஞ்ச சாமான் தானாக் கூடுமா? ஒயரப் பாருங்க."

"இன்னும் மூணு வண்டி கெடக்கு, ஏளா."

"கெடக்கட்டும். ஸ்கேனர நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க உள்ள கைய விட்டு ஆட்டுங்க."

ரெக்சன் ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றி வைத்தார். அவள் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். திரையில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று எஞ்சினின் வேகம், மற்றது கியர்பாக்ஸின் வேகம். ரெக்சன் சென்சாருக்குப் போகும் ஒயரை விரல்களால் தடவிக்கொண்டே, இடம் மாற்றி மாற்றி அசைத்துப் பார்த்தார்.

"மாறல," என்றாள். "மாறல... மாறல... அண்ணாச்சி! விழுந்துட்டு!"

இரண்டாவது எண் பூஜ்யத்தில் நின்றது. ரெக்சன் கையை எடுத்தார். எண் திரும்பி வந்தது. மறுபடி ஆட்டினார். மறுபடி விழுந்தது.

எஞ்சினை அணைத்ததும் அவர் அந்த ஒயரின் பிளக்கை உருவினார். உள்ளே பித்தளை ஊசிகள் பச்சைபிடித்து அரித்திருந்தன. இடுக்கில் காய்ந்த வண்டல். டிரைவர் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் வண்டல்.

"வெள்ளத்துல கெடந்த வண்டில்லா இது!"

"ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள முங்கிக் கெடந்துன்னு வாட்ச்மேன் சொல்லுவாரு. நான் வேலைக்குச் சேரதுக்கு முன்னால."

பழைய பிளக்கை அறுத்துவிட்டு, ரெக்சன் புதியது வைத்துக் கட்டினார். ஸ்கேனரில் அந்தப் பழுது எண்ணை அழித்துவிட்டு இருவரும் ரயில்வே கேட் வரை போனார்கள். அவள் வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றி இறக்கினாள். விளக்கு எரியவில்லை. பட்டறைக்குத் திரும்பிய பிறகு மேனேஜருக்குப் போன் செய்தாள்.

நேசக்குமார் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட நெட்டையான ஒருவன். ரெக்சன் பிளக்கைக் காட்டி விவரம் சொன்னார். மேனேஜர் அதைக் கையில் வாங்கவில்லை.

"நல்லதாப் போச்சு. சின்ன வேலையோட முடிஞ்சிட்டு."

"என்னால ஒடயலன்னு ஆபீஸ்ல சொல்லணும், சார்," என்றாள் சந்தனச்செல்வி.

"அத இப்ப யாரும்மா கேட்டா?"

"யாரும் கேக்காமத்தான நேத்து சொன்னிய. இன்னைக்கும் சொல்லுங்க."

நேசக்குமார் அவளைப் பார்க்காமல், வண்டியில் தொங்கிய சாவியை எடுத்துப் புதியவனிடம் கொடுத்தார். "வண்டிக்கு ஆள் போட்டாச்சு. ஒனக்கு வேற ஏதாவது பாப்போம். போன் பண்ணுதேன், வீட்டுக்குப் போ."

"போன் எல்லாம் வேண்டாம். நீங்க ஆபீசுக்குத்தான போறிய? நானும் வாரேன்."

அறுத்துப் போட்ட பிளக்கை ரெக்சனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பின்கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அந்தக் காரின் பின்சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நேசக்குமார் கொஞ்சம் தயங்கிவிட்டு முன்பக்கம் ஏறினார்.

புதியவனுக்குக் கால் மடக்க இடம் போதவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் தடவி, கம்பியைத் தூக்கினான். அவள் உயரத்துக்கு வைத்திருந்த சீட் சர்ரென்று பின்னால் வந்து அவள் முழங்கால்களில் இடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடுத்த பக்கம் நகரவும் இல்லை. வண்டி கிளம்பிற்று.