குருட்டுச் சிலந்தியின் கூடம்

பிலிப்பைன்ஸின் கேசோன் சிட்டியில் லிகாயா கதை சொல்லி நடத்தும் பகடைச் சாகச விளையாட்டில் ஒரே சட்டம்: மேசையில் எவர் வாய் திறந்தாலும் அது கதையின் பாதாளக் குகையிலும் கேட்கும். ஆட வந்த நால்வரில் எஃப்ரன் வாயை மூடினால்தானே!

ஆட்டத்தில் சிலந்தி அரக்கியின் கூடத்துக்குள் கால் வைத்ததுமே ஆரம்பித்தான். "முட்டாப் பசங்களா, பாதாள வரலாறு தெரியுமா உங்களுக்கு? இவளுக்குக் கண்ணு கிடையாது. சத்தத்தை வச்சுத்தான் வேட்டையாடுவா. எவனும் மூச்சு விடக் கூடாது!"

மற்ற மூவரும் வாயில் விரல் வைத்துக் கெஞ்சினார்கள். அவனோ அரக்கியின் பாட்டன் காலத்துப் போர்க் கதைக்கே போய்விட்டான்.

மேதாவியாம், மேதாவி! லிகாயா வறுத்த வாழைப்பழத்தை மென்றபடி அரக்கிக்காக இருபது முகப் பகடையை உருட்டினாள். உச்ச எண்ணான இருபதே விழுந்தது.

"உங்க தலை போச்சுண்ணே," என்றாள். "ஆனா முழுங்கலை, கடிச்சுத் துப்பிட்டா. உள்ளே ஒண்ணும் இல்லையாம்."